குறுக்கெழுத்து பாதியில் நின்றால் யாரைக் கேட்பது, எதைத் திறப்பது?

தென் ஆப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகள் பையைத் தூக்கும் நேரத்தில், பெற்றோர் சிலர் என்னிடம் வந்து கேட்பது தமிழைப் பற்றி இல்லை, குறுக்கெழுத்தைப் பற்றி. மடித்த நாளிதழும் பென்சிலுமாக நான் வகுப்புக்கு வருவதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். போன மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டார்கள். ஓர் அக்கா, பெரிய அகராதி ஒன்று வாங்கலாமா என்றார். அண்மையில் ஓய்வு பெற்ற ஒருவர், மகன் போனில் போட்டுக் கொடுத்த ஆப் போதாதா என்றார். மூன்றாமவர், "ஏஐயைக் கேட்டா உடனே சொல்லுதே, அப்புறம் எதுக்கு மண்டையை உடைக்கணும்?" என்றார். வாசலில் நின்றபடி நான் சொன்ன பதில் மூவருக்கும் அரைகுறையாகத்தான் போயிருக்கும். அதனால் இப்போது முழுதாக எழுதுகிறேன்.

நான் பேசுவது கிரிப்டிக் என்கிற கடினமான வகையைப் பற்றி. நேரடிப் பொருள் கேட்கும் சாதாரணப் புதிருக்கு ஒரு நல்ல அகராதியும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும். டர்பன் வீடுகளில் பலர் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவது கிரிப்டிக்கில்தான்.

முதலில், எங்கே மாட்டிக்கொள்கிறோம்?

கிரிப்டிக் குறிப்பு ஒவ்வொன்றிலும் விடைக்கு இரண்டு வழிகள் இருக்கும். ஒரு முனையில் பொருள், மறுமுனையில் சொல்விளையாட்டு. இரண்டும் ஒரே சொல்லில் வந்து சேர வேண்டும். அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண், விடையில் எத்தனை எழுத்து என்பது. தமிழில் ஒன்று செய்து காட்டுகிறேன்: "கோப்பைக்கு அடுத்துப் பல், கடலில் மிதக்கும் (4)". கப், பல் இரண்டையும் ஒட்டினால் கப்பல். இன்னொன்று: "பொழுது சாயும்போது கழுத்தில் விழுவது (2)". மாலை. சிலேடையும் விடுகதையும் கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமான விளையாட்டே இல்லை.

ஆங்கிலத்திலும் இதே வேலைதான், எழுத்தை மட்டும் ஆங்கிலத்தில் எண்ணுங்கள். நம் ஊரை வைத்தே பார்க்கலாம். "பிறப்பு தொடர்பான பழைய மாகாணம் (5)" என்று வந்தால் விடை நேட்டல். 1497இல் வாஸ்கோ ட காமா கிறிஸ்துமஸ் சமயத்தில் இந்தக் கரையைக் கண்டதால் வந்த பெயர் அது. பிறப்பு என்ற பொருளும் அதற்கு உண்டு. "தி லேண்ட்ஸ்கேப்பில் கொஞ்சம், ஒரு மான் (5)" என்று வந்தால், "தி"யின் கடைசி எழுத்தான ஈயையும் அடுத்த நான்கு எழுத்துகளையும் சேருங்கள். டிராகன்ஸ்பெர்க் மலைப் பாறை ஓவியங்களில் நிற்கிற ஈலண்ட் வரும். "பணமும் மந்திரமும், ஒழுங்கில்லாமல் (6)" என்றால், நம் பணம் ரேண்ட், கோயிலில் நாம் சொல்வது ஓம். இரண்டையும் ஒட்டினால் ரேண்டம். இந்த மூன்றாவதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்ப வரும்.

ஆக, நாம் நிற்கும் இடங்கள் மூன்று. சொல்லே தெரியாது. அல்லது சொல் தெரியும், விளையாட்டு பிடிபடவில்லை. அல்லது விடை கிடைத்துவிட்டது, அது ஏன் என்று விளங்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் உதவி வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் போய் நிற்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

எதை வைத்து எடை போடுவது?

ஓர் உதவியை நான் நான்கு கேள்விகள் கேட்பேன். எனக்குத் தேவையான அளவு மட்டும் கொடுக்கிறதா, முழு விடையையும் கொட்டிவிடுகிறதா? அதை நம்பலாமா? காசு, டேட்டா, நேரம் என்று மறைவாக என்ன பிடுங்குகிறது? நாளைய புதிரில் எனக்குக் கொஞ்சமாவது கை கொடுக்குமா? கடைசிக் கேள்விக்குத்தான் என்னிடம் எடை அதிகம். இன்றைய கட்டம் நிரம்பி, நாளைக்கும் அதே இடத்தில் நின்றால், அந்த உதவியால் ஒரு காலைப்பொழுது போனதுதான் மிச்சம்.

நாளைய தாளுக்குக் காத்திருப்பது

இதைப் பலரும் ஓர் உதவியாகவே எண்ணுவதில்லை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

வழி எளிது. அரை மணி நேரம் முயலுங்கள். நின்ற இடத்தில் விட்டுவிடுங்கள், தாளைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த நாள் விடை வந்ததும் பழைய கட்டத்தை எடுத்து, விட்டுப்போன ஒவ்வொரு குறிப்புக்கும் பின்னால் இருந்து முன்னால் போங்கள். விடை இதுதான் என்று தெரிந்தாகிவிட்டது, பொருள் எந்த முனையில் இருக்கிறது? மீதிச் சொற்கள் என்ன வேலை செய்கின்றன? பத்து குறிப்பில் ஆறாவது இப்படிப் பிடிபட்டுவிடும்.

எனக்கு இதைக் கற்றுக் கொடுத்தவர் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் ஒரு பள்ளி நோட்டு இருக்கிறது. இடது பக்கம் குறிப்பில் வந்த சொல், வலது பக்கம் அது தரும் ஆங்கில எழுத்து, பெரும்பாலும் ஒரு சுருக்கம். மாலுமி என்றால் ஏ, பி. சில நாள் டார். போர்வீரர்கள் என்றால் ஓ, ஆர். பீரங்கிப் படை என்றால் ஆர், ஏ. பொறியாளர் படை என்றால் ஆர், ஈ. "ஃப்ளவர்" என்று இருந்தால் பூவை மட்டும் நினைக்காதே, "ஃப்ளோ" ஆவது, ஓடுவது எதுவோ அது, அதாவது ஆறு என்று சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருக்கிறார். "இட்" என்ற சின்னச் சொல்லுக்கு எதிரே எஸ், ஏ. அதைப் பார்த்ததும் நம் நாட்டின் சுருக்கமோ என்று எண்ணினேன். இல்லை, பழைய ஆங்கிலப் பேச்சுவழக்கில் "இட்" என்றால் பாலியல் கவர்ச்சி, ஆங்கிலத்தில் செக்ஸ் அப்பீல், அதன் முதல் எழுத்துகள்தான் அவை. இப்படி ஒரு நோட்டை நீங்களே எழுதி நிரப்பினால், எந்த அகராதியையும் விட விரைவாக உதவும். கடையில் விற்கும் பட்டியல் மனதில் நிற்காது. நாமே தோற்று, நாமே எழுதியது நிற்கும்.

மறைவான செலவு: தினமும் தாள் வாங்க வேண்டும். சனிக்கிழமைப் புதிரின் விடைக்குத் திங்கள் வரை காத்திருக்க நேரும். விடைப் பெட்டியில் விளக்கம் இருக்காது. ஏற்கெனவே நன்றாகப் போடுகிறவர், ஒன்றே ஒன்று மிச்சம் என்ற நிலையில் இருந்தால், அந்தக் காத்திருப்பு வீண் தவிப்பு. அவருக்கு வேறு வழி பார்க்கலாம்.

அச்சு அகராதி

இதில் இரண்டு வகை உண்டு. கலந்து குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதல் வகை பொது அகராதி. குறுக்கெழுத்துக்காரர்களுக்குச் சேம்பர்ஸ் என்றால் தனி மரியாதை. நூறாண்டுக்கு மேலாக வந்துகொண்டிருக்கிறது. பழைய சொல், ஸ்காட்லாந்துச் சொல், நம் பக்கத்துச் சொல் எல்லாம் அதில் கிடக்கும். கடினமான ஆங்கிலப் புதிர்கள் சில அதையே ஆதாரமாக வைத்து அமைக்கப்படுகின்றன. உங்கள் மனதில் ஒரு விடை தோன்றிவிட்டது, அப்படி ஒரு சொல் உண்மையில் உண்டா, அதற்கு இந்தப் பொருளும் உண்டா என்று சரிபார்க்க அது அருமை. விடையை அதுவாகத் தேடித் தராது. அதனால்தான் எனக்கு அதைப் பிடிக்கும்.

இரண்டாவது வகை, குறிப்புச் சொல்லைப் பார்த்தால் விடையாகக் கூடிய சொற்களை வரிசையாகக் கொடுக்கும் புதிர் அகராதி. ஆன் பிராட்ஃபோர்ட் தொகுத்தது இதில் பெயர் பெற்றது. தான் போட்ட புதிர்களில் இருந்தே ஆண்டுக்கணக்காகச் சேர்த்தார் அந்த அம்மா. பறவை, நாணயம், துணி வகை என்று கேட்டால் அள்ளித் தரும். ஆனால் பட்டியலில் விரலை ஓட்டிப் பொருத்திப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், குறிப்பின் மறுபாதியைப் படிக்கவே மறந்துவிடுவோம்.

அக்கா கேட்ட கேள்விக்குப் பதில்: வாங்கலாம், ஆனால் புதிதாக வேண்டாம். கடலைத் தாண்டி வரும் கெட்டி அட்டைப் புத்தகத்துக்கு ரேண்டில் விலை கசக்கும். பழைய புத்தகக் கடையிலும் பள்ளி விழாக்களின் மேசைகளிலும் பத்து, இருபது வருடப் பதிப்புகள் கிடைக்கின்றன. புதிரில் வரும் பழஞ்சொற்கள் பழைய பதிப்பிலும் இருக்கும். எழுத்து பொடியாக இருக்கும், கடையிலேயே திறந்து உங்கள் கண்ணுக்கு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். அதுவும் முடியாதென்றால் நகராட்சி நூலகத்தில் உட்கார்ந்து பார்க்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022, 2023இல் லோட் ஷெடிங் என்கிற சுற்றுமுறை மின்வெட்டு ஆறாம் நிலை வரை போன மாலைகள் எல்லோருக்கும் நினைவிருக்கும். மின்சாரம் போய்க் கொஞ்ச நேரத்தில் டவரின் பேட்டரியும் இறங்கி, போன் வெறும் டார்ச்சாக மட்டும் இருந்தது. அப்போது அகராதி மேசையில் அப்படியே இருந்தது.

தேடுபொறித் தளங்களும் ஆப்களும்

தெரிந்த எழுத்துகளைப் போட்டு, தெரியாதவற்றுக்குக் கேள்விக்குறி வைத்தால், பொருந்தும் சொற்களை எல்லாம் காட்டும் தளங்கள் இவை. வேகம் என்றால் அப்படி ஒரு வேகம்.

மேலே சொன்ன ரேண்டத்துக்குத் திரும்புவோம். முதல், மூன்றாம், ஐந்தாம் எழுத்துகள் கிடைத்துவிட்டன: ஆர், என், ஓ. தளத்தில் போட்டால் ரேண்டமும் வரும், ரேன்ஸமும் வரும். குறிப்பு "பணம்" என்று தொடங்குகிறது. ரேன்ஸம் என்றால் பிணைப்பணம். அவசரப்படுகிறவர் அதைத்தான் எழுதுவார். எழுதிய பிறகு நான்காவது எழுத்தின் மேல் போகும் கீழ்ச்சொல்லும் கெடும், அதைப் பிடித்து இன்னொன்றும் கெடும். மந்திரம் எங்கே போனது என்று ஒரு நொடி கேட்டிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. பட்டியல் தருவது பொருந்தும் சொல். சரியான சொல் எது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

காசு விஷயத்திலும் கவனம் தேவை. ஏழு நாள் இலவசம் என்று ஓர் ஆப்பில் நான் கார்டைக் கொடுத்தேன். எட்டாம் நாளில் இருந்து டாலரில் பிடித்தார்கள். மூன்று மாதம் கழித்து வங்கித் தாளைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினேன். எழுத்துத் தேடலுக்குக் காசு கொடுக்கத் தேவையே இல்லை, இலவசத் தளங்களே நன்றாகச் செய்கின்றன.

யாருக்கு இது ஏற்றது? மற்ற எல்லாம் முடித்து, நெஞ்சில் முள்ளாக ஒரே ஒரு சொல் நிற்கிறவருக்கு. அல்லது எழுத்துகளைக் கலைத்துப் போடும் வகை என்று தெரிந்த பிறகு, பதினைந்து எழுத்தைக் கலைக்கப் பொறுமை இல்லாதவருக்கு. தொடக்கத்தில் இருப்பவர் இந்தப் பக்கம் வர வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

விளக்கம் எழுதும் தளங்கள்

பிரிட்டிஷ் நாளிதழ்களின் கிரிப்டிக்குகளுக்கு, ஒவ்வொரு குறிப்பும் எப்படி வேலை செய்தது என்று அன்றன்றே எழுதுகிற ஆர்வலர்கள் இருக்கிறார்கள். கார்டியன், இண்டிபெண்டன்ட், ஃபைனான்ஷியல் டைம்ஸ் புதிர்களுக்கு ஃபிஃப்டீன்ஸ்குவேர்ட் என்ற தளம் இருக்கிறது. வழக்கமான கட்டம் 15க்கு 15 என்பதால் அந்தப் பெயர். விடை தெரிந்தும் ஏன் என்று விளங்காதபோது இதைப் போல உதவுவது வேறு இல்லை.

நம் கையில் இருக்கும் தாளின் புதிர் வெளிநாட்டில் இருந்து வாங்கிப் போட்டதாக இருந்தால், தேதி ஒத்துப்போகாது. குறிப்பின் வாசகத்தை அப்படியே தேட வேண்டும். அப்படித் தேடினால் பக்கத்தில் எல்லா விடையும் ஒரே பார்வையில் கண்ணில் பட்டுவிடும். அன்றைய புதிர் அத்தோடு முடிந்தது. அதனால் கட்டத்தை மூடி வைத்த பிறகு இரவில் படியுங்கள்.

காகிதத்தில்தான் போட வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்களுக்கு இன்னொரு நடுவழி. கார்டியன் தளத்தில் இலவசமாகப் போடும்போது, எழுதிய சொல் சரியா என்று மட்டும் சரிபார்க்கும் பொத்தான் உண்டு. தவறான எழுத்து மறைந்துவிடும், சரியானது நிற்கும், விடையைச் சொல்லாது. 2024இல் இருந்து புதியவர்களுக்காகவே எளிய கிரிப்டிக் ஒன்றும் சனிக்கிழமைகளில் போடுகிறார்கள். எந்த வகைக் குறிப்புகள் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.

ஏஐ

அதன் மேல் எனக்குப் பகை இல்லை. வகுப்புப் பாடம் தயாரிக்க நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் இந்த வேலையில் அதற்கு ஓர் அடிப்படைக் குறை உண்டு. அது சொல்லை எழுத்து எழுத்தாகப் பார்ப்பதில்லை, துண்டு துண்டாகப் பார்க்கிறது. கிரிப்டிக்கோ எழுத்தில்தான் நடக்கிறது. அதனால் ஏழு எழுத்து கேட்டால் எட்டு எழுத்துச் சொல்லைக் கொடுத்துவிட்டு, அது ஏன் சரி என்று மிக அழகாக விளக்கமும் சொல்லிவிடும். அந்த விளக்கத்தின் உறுதியைப் பார்த்தால் நமக்கே நம் கணக்கின் மேல் சந்தேகம் வந்துவிடும். போகப் போகத் தேறி வருகிறது, ஆனாலும் எண்ணிப் பார்க்காமல் எழுதாதீர்கள்.

பொது அறிவுக்குக் கேளுங்கள். ஓர் இத்தாலிய ஓபராவின் பெயர், ஒரு ஸ்காட்லாந்துத் தீவு, கிரிக்கெட்டில் ஒரு பழைய ஆட்டக்காரர். இன்னொரு நல்ல வழி, "விடையைச் சொல்லாதே, பொருள் எந்த முனையில் இருக்கிறது என்று மட்டும் சொல்" என்று கேட்பது. முழு விடையைக் கேட்டால், எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதச் சொல்லி நீங்களே விரல் விட்டு எண்ணுங்கள்.

பக்கத்தில் ஓர் ஆள்

என் தேர்வு இதுதான், மறைக்க ஒன்றுமில்லை. நான் கேட்ட நான்கு கேள்விகளுக்கும் நல்ல பதில் சொல்வது இன்னொரு மனிதர் மட்டும்தான். அவருக்குத்தான் எவ்வளவு சொல்ல வேண்டும் என்று தெரியும். அங்கிளிடம் நான் தாளை நீட்டினால் விடை சொல்ல மாட்டார். ஒரு சொல்லின் மேல் பென்சிலை வைத்து, "இதை இன்னொரு தடவை படிம்மா" என்பார். அவ்வளவுதான். பாதி நாள் அதுவே போதும்.

எல்லாவற்றையும் விட, நம் வீடுகளில் இருக்கும் பெரியவர்களிடம் உள்ள சொற்களை நாம் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஆங்கிலத்தில் நம் சொல் எத்தனையோ. கேடமரன் நம் கட்டுமரம், மல்லிகடானி நம் மிளகுத்தண்ணி, செரூட் நம் சுருட்டு, காயர் நம் பக்கத்துக் கயிறு. புதிர் அமைப்பவர்களுக்கு இவை எல்லாம் பிடித்த சொற்கள். தென் ஆப்பிரிக்காவில் இருந்து போனவையும் அப்படியே: வெல்ட் என்ற புல்வெளி, ட்ரெக் என்ற நெடும்பயணம், கூடு, நியாலா என்ற மான்கள். லண்டனில் ஒருவர் அகராதியில் தேடுவதை நாம் ஜன்னல் வழியே பார்த்திருப்போம்.

2023 குளிர்காலம். மாலை ஆறு மணி, மின்சாரம் இல்லை. அடுத்த வீட்டு ஆன்ட்டி எங்கள் சமையலறையில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பட்டாணி உரித்துக்கொண்டு இருந்தார். எனக்கு ஒரு சொல் மிச்சம். தென்னிந்தியாவில் ஆற்றை மறிப்பது, ஆறு எழுத்து, முதல் எழுத்து ஏ, கடைசி எழுத்து டி. ஆன்ட்டி கிரிப்டிக் போட்டதில்லை. தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. குறிப்பைச் சத்தமாக வாசித்தேன். ஆறு, அணை என்று தமிழில் சொன்னதும், உரித்த தோலைத் தட்டில் போட்டுவிட்டு, "எங்க தாத்தா ஊர் அதுதானே. அணைக்கட்டு. வேலூர்ப் பக்கம். கப்பல் தாள்ல இருக்கே" என்றார்.

அவருடைய தாத்தா ஒப்பந்தக் கூலியாக நேட்டலுக்கு வந்தவர். 1860இல் இருந்து 1911 வரை வந்த கப்பல்களின் பதிவுகளில் ஆளின் எண், பெயர், தந்தை பெயர், மாவட்டம், ஊர் எல்லாம் எழுதியிருப்பார்கள். அந்தப் பக்கத்தின் நகலை அவர் மகன் எடுத்து வந்து சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். நான் பென்சிலை எடுத்து ஏ, என், ஐ, சி, யு, டி என்று கட்டத்தில் எழுதினேன். அனிகட். நம் அணைக்கட்டை ஆங்கிலேயர் எழுதிக்கொண்ட விதம். கல்லணையைக் கூட அவர்கள் கிராண்ட் அனிகட் என்றுதான் சொன்னார்கள். அப்புறம் சேம்பர்ஸை மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் இழுத்துப் பார்த்தேன், இருந்தது.

ஆள் உதவியிலும் செலவு உண்டு. நல்ல ஆள் எப்போதும் கிடைக்க மாட்டார். விடையைத் தெரிந்ததும் கத்திவிடுகிறவர் பக்கத்தில் இருந்தால் அன்றைய புதிர் போச்சு. வாட்ஸ்அப் குழுவில் இன்னும் மோசம், நீங்கள் காபி குடிக்கும் முன்பே யாராவது முழுக் கட்டத்தையும் படம் எடுத்துப் போட்டுவிடுவார்கள். குழு வைத்தால் ஒரே ஒரு விதி வையுங்கள்: மாலை ஐந்து மணி வரை யாரும் ஓர் எழுத்துக்கு மேல் சொல்லக் கூடாது.

சரி, யார் எதை எடுப்பது?

தொடங்கி ஆறு மாதம் ஆகாதவர்கள் நாளைய தாளையும் ஒரு பள்ளி நோட்டையும் எடுங்கள், வேறு எதுவும் வேண்டாம். பாதிக் கட்டம் தாண்டுகிறவர்கள் பழைய சேம்பர்ஸ் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவில் விளக்கத் தளத்தைப் படியுங்கள். கடைசி ஒரு சொல்லில் நிற்கிறவர்கள் எழுத்துத் தேடலுக்குப் போகலாம், ஆனால் சொல்விளையாட்டு பொருந்தாமல் எழுதாதீர்கள். ஓய்வு பெற்ற அந்த ஐயாவுக்கு மட்டும் தனியாக ஒன்று: ஆப் இருக்கட்டும். உங்கள் தெருவிலேயே அடுத்த வரிசையில் மடித்த தாளோடு தினமும் வெளியே உட்காருகிற ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் நில்லுங்கள், நானே கூட்டிப் போகிறேன்.